எள்ளுப்பாட்டியின் எண்

ஜூலை 14, திங்கள், போர்ட் லூயி

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடியபோது, மொரீசியசுக்கு ஆட்களை ஏற்றி அனுப்பியது தொடர்பான அரசாங்கக் கடிதங்கள் கிடைத்தனவே தவிர, அனுப்பப்பட்டவர்களின் பெயர்கள் எனக்குக் கிடைக்கவில்லை. பெயர்கள் இருப்பது அவர்கள் இறங்கிய கரையில். எங்கள் எள்ளுத்தாத்தா மாயவரத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து புறப்பட்டு, மோரீசில் கரும்பு வெட்டி, காசோடு திரும்பி வந்து நிலம் வாங்கினார் என்பது எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. கதையில் ஆண்டு இல்லை, கப்பல் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை. பெரியப்பா மகனான அண்ணன், வரும் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோவிலில் வழங்குவதற்காகக் குடும்பக் கொடிவழியை அச்சிடப் போகிறார். முதல் பெயருக்குக் கீழே ஓர் ஆண்டாவது இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எள்ளுத்தாத்தாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தஞ்சை ஜில்லாவில் அந்தக் காலத்தில் தெருவுக்கு நால்வருக்கு இருந்த பெயர் என்று சொன்னால், தேடுவதில் உள்ள சங்கடம் புரியும்.

விமான நிலையத்தில் மாற்றிய பணத்தில் நூறு ரூபாய்த் தாளைக் கையில் வாங்கியதுமே அண்ணன் நின்றுவிட்டார். அதில் 'நூறு ரூபாய்' என்று தமிழில் அச்சிட்டிருக்கிறது. தாளில் இருப்பவரும் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளி வழக்கறிஞர். 1998இல் வெளியான தாள்களில் தமிழுக்கு மேலே இந்தி ஏறிவிட்டது என்று இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழ, அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, தமிழை மறுபடியும் முன்னே வைத்து அச்சிட்டார்கள். இவ்வளவு வீறாப்பாகத் தமிழைக் காத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழி என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

பெட்டிகளை ரோஸ் ஹில்லில் எடுத்திருந்த அறையில் போட்டுவிட்டு, மாலைக்குள் 'ஆப்ரவாசி காட்' என்ற பழைய இறங்குதுறையைப் பார்த்துவிட வேண்டும் என்று துறைமுகத்துக்கு ஓடினோம். 1849 முதல் வந்திறங்கிய கூலிகளைப் பதிவுசெய்து தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பிய இடம் இது. 1834 முதல் 1920 வரை இத்தீவுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். 2006இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக்கியது. பெரிய எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றமாக இருக்கும், ஏனெனில் பெரும்பகுதி இடிந்துபோய், நடுவே நெடுஞ்சாலை போய்விட்டது. மிஞ்சியிருப்பது 1,640 சதுர மீட்டர், நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் வளாகம் அளவுக்குத்தான். ஆனால் அந்தக் கருங்கல் படிகளும், சமையற்கட்டின் சுவரும், வரிசையாகக் கட்டிய கழிப்பிடங்களும் அப்படியே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. காவலர், நாங்கள் இந்தியாவிலிருந்து வந்திருப்பதை அறிந்ததும், மூடும் நேரம் ஆகியும் அவசரப்படுத்தாமல் நின்றார். இங்கே இப்போது குளிர்காலம். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய், மோகா

டிராம் வண்டியில் ரெதுயி வரை போய் அங்கிருந்து நடக்கலாம் என்று முடிவுசெய்தது அண்ணன். நடக்கத் தொடங்கியதும் சாரல் பிடித்துக்கொண்டது. மோகா மேட்டுநிலம்; கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே இங்கே மழை தூறும் என்று விடுதிக்காரம்மா சொல்லியிருந்தார், நாங்கள்தான் குடையை அறையில் விட்டுவிட்டு வந்தோம். நனைந்த சட்டையோடு மகாத்மா காந்தி நிறுவனத்துக்குள் நுழைந்தவர்களைப் பார்த்து, வரவேற்பில் இருந்த பெண் பேச்சே இல்லாமல் துடைக்கும் காகிதச் சுருளை நீட்டினார்.

குடியேறிகளின் பேரேடுகள் இங்கேதான் இருக்கின்றன. கரையில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், சாதி, கிராமம், ஜில்லா, வந்த கப்பல், அனுப்பப்பட்ட தோட்டம் என்று பத்திகள். பிற்பாடு இறந்ததும் நாடு திரும்பியதும் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இது சுலபம். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழிலோ திருமணப் பதிவிலோ பெற்றோரின் எண் எழுதப்பட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நேரே பேரேட்டுக்கு வந்துவிடலாம். திரும்பிப் போனவரின் சந்ததிக்கு அந்த எண் தெரிய வழியில்லை. ஆகவே எங்களைப் போன்றவர்கள் பெயரையும் ஊரையும் வைத்துக்கொண்டு தலைகீழாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஊரின் பெயர்தான் முதல் முட்டுக்கட்டை. சொன்னவர் தமிழர், கேட்டு எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, பிறகு பிரெஞ்சுக் காது கொண்ட வேறொரு எழுத்தர் அதை நகலெடுத்திருப்பார். சுப்பராயன் 'சூப்ராயன்' ஆனதும், முனுசாமி 'மூனேசாமி' ஆனதும் இப்படித்தான். அந்த எழுத்துப் பிசகுகளே இன்று இங்கு மதிப்புள்ள குடும்பப் பெயர்கள். உதவிய அலுவலர், நாங்கள் எழுதிக் கொடுத்த கிராமப் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்த எழுத்துகளில் இது இருக்கவே இருக்காது, நீங்கள் உரக்கச் சொல்லுங்கள், எப்படியெல்லாம் காதில் விழும் என்று நான் எழுதிப் பார்க்கிறேன் என்றார். மாலை வரை உரக்கச் சொன்னோம். கிடைக்கவில்லை.

காத்திருந்த இடத்தில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். வேட்டி கட்டிய ஒருவருடைய பழைய படத்தின் நகல் அவர் மடியில் இருந்தது. 1860களின் பிற்பகுதியிலிருந்து, ஒப்பந்தக் காலம் முடிந்த 'பழைய குடியேறிகள்' தங்கள் படம் ஒட்டிய அனுமதிச் சீட்டைச் சுமந்து திரிய வேண்டும் என்று சட்டம் இருந்தது. சீட்டு இல்லாமல் சாலையில் அகப்பட்டால் திரிபவர் என்று பிடித்துப் போடுவார்கள். அந்தக் கெடுபிடியால்தான் இன்று இத்தனை பேருக்குத் தங்கள் பாட்டனாரின் முகம் கிடைக்கிறது. பெரியவர் அந்தப் படத்தை ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கான விண்ணப்பத்தோடு இணைக்கப் போகிறாராம். "வணக்கம்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. அந்த ஒரு சொல்லைக் கைகூப்பி அவர் சொன்ன முறையில் நாங்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம்.

மதியச் சாப்பாடு தெருவோரத்தில் தால் பூரி. வெந்த பருப்பைப் பொடித்து உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மொச்சை போன்ற பெரிய பயற்றுக் குழம்பும் 'ருகாய்' என்னும் தக்காளித் தொக்கும் மிளகாய்ச் சட்னியும் தடவிச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு ஜோடி முப்பது ரூபாய். நம் பணத்துக்கு அறுபதுக்குச் சற்றுக் குறைவு. ஜோடியாகத்தான் விற்பார்கள், ஒன்று கேட்டால் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

ஜூலை 16, புதன், மோகா

அண்ணனுக்கு இரவு முழுவதும் உறக்கம் இல்லை; அறையில் வெந்நீர் வரவில்லை, மேலே தகரக் கூரையில் காற்று இரைந்துகொண்டே இருந்தது. விடுதிக்காரம்மா காலையில் மன்னிப்பாகக் கொடுத்தனுப்பிய கடலைப்பருப்பு வடைகள் (இங்கே 'காத்தோ பிமா') இன்னும் சூடாக இருந்தன. மசால் வடையேதான், உருவில் மட்டும் சிறியது. ரொட்டியை இரண்டாகப் பிளந்து வெண்ணெய் தடவி நடுவில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். அண்ணன் முதலில் முகம் சுளித்தார், பிறகு என் பங்கையும் கேட்டார்.

இன்று கிடைத்தார்.

1858ஆம் ஆண்டின் பேரேட்டில், வயது இருபது, தகப்பன் பெயர் சரி, ஜில்லா தஞ்சாவூர். கிராமத்தின் பெயரில் மூன்று எழுத்தை விழுங்கியிருந்தார்கள். இடது புருவத்தின் மேல் தழும்பு. பாம்ப்லமூஸ் மாவட்டத்தில் ஒரு கரும்புத் தோட்டம். அவ்வளவுதான், பத்தாண்டு உழைப்பு ஒரே வரி. அவர் முறையீடு செய்திருந்தால், ஓடிப் போயிருந்தால், பிடிபட்டிருந்தால் பக்கம் பக்கமாக இருந்திருக்கும் என்றார் அலுவலர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் 'இரட்டை வெட்டு' நடைமுறையில் இருந்த காலம் அது. மாதக் கூலி ஐந்து ரூபாய் அளவில்தான், அரிசியும் பருப்பும் உப்பும் தனி. 1850களிலேயே இலவசத் திரும்புபயணத்தையும் நிறுத்திவிட்டார்கள். அந்த ஐந்து ரூபாயில் மிச்சம் பிடித்துத்தான் கப்பல் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். வாய் திறக்காமல் வேலை செய்து, காசு சேர்த்து, கிளம்பிப் போன மனிதர். காகிதத்துக்கு அவரால் ஒரு பயனும் இல்லை. படம் ஒட்டிய சீட்டுக்கான 1867ஆம் ஆண்டுச் சட்டம் வந்து சில மாதங்களுக்குள் கிளம்பிவிட்டதால் முகமும் கிடைக்காமல் போயிற்று.

ஓரக் குறிப்பில்தான் விஷயம் இருந்தது. 1868இல் சென்னைக்குப் புறப்பட்டார், மனைவியுடன். மனைவிக்கு நேரே ஓர் எண்.

எங்கள் கதையில் எள்ளுப்பாட்டிக்கு மோரீசே கிடையாது. தாத்தா திரும்பி வந்து, நிலம் வாங்கி, பிறகு ஊரில் பெண் எடுத்தார் என்பதாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். இங்கே அவளுக்கென்று ஓர் எண் இருந்தது, அதுவும் அவருடைய எண்ணைவிட மிகச் சிறிய எண். அவள் அவருக்கு முன்பே வந்தவள். அலுவலர் 1852ஆம் ஆண்டுக்குப் போனார்: வயது நான்கு, தாயுடன் வந்தவள், ஜில்லா சேலம். தகப்பன் பெயர் இருக்கிறது. தகப்பன் அந்தக் கப்பலில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால், மாயவரம் பக்கத்து வயலுக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. நினைவு தெரிந்த நாள் முதல் அவள் பார்த்தது கரும்பும் எரிமலைக் கல்லும் கடலும். தமிழோடு கிரியோலும் பேசியிருப்பாள். ஊர் திரும்பினது அவர். அவளோ அன்றுதான் வெளிநாட்டுக்கு வந்தவள். இதை நான் சொன்னபோது அண்ணன் பதில் சொல்லவில்லை. அவர் திரையில் வேறொரு பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதிப் பத்தி இருவருக்கும் வேறுவேறாக இருந்தது.

ஜூலை 17, வியாழன், போர்ட் லூயி

காலையில் மழை இல்லை, அண்ணனிடம் பேச்சும் இல்லை. திருமணப் பதிவின் நகலுக்கு அலைந்ததை விவரிக்க ஒன்றுமில்லை. ஓர் அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பத்தை வேறொருவரின் கோப்பில் செருகிவிட்டு, மதிய உணவுக்குப் பிறகு அதைத் தேடி எடுத்தார்கள். தேடிய பெண்மணி எங்களைவிட அதிகம் வருத்தப்பட்டார், தன் உணவுப் பாத்திரத்திலிருந்து நறுக்கிய அன்னாசிப்பழத்தை உப்பு மிளகாய்ப் பொடியோடு நீட்டினார்.

திருமணம் 1866. இருவரும் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறி இட்டிருக்கிறார்கள். சாட்சிகளில் ஒருவர் தமிழில் கையெழுத்திட்டிருந்தார், புள்ளி வைக்காத அந்தக் காலத்து எழுத்து. பெண்ணின் தாய் உயிரோடு இருப்பதாகவும் சம்மதம் தெரிவித்ததாகவும் பதிவு சொல்கிறது. சாதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தாய் அவர்களோடு திரும்பவில்லை. 1866 முதல் 1868 வரை இத்தீவை மலேரியா வாரிக்கொண்டு போனது, போர்ட் லூயியை விட்டு வசதியுள்ளவர்கள் மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டக் குடிசைகளில் இருந்தவர்கள் எங்கே போவது? அவளுடைய எண்ணுக்கு எதிரே 1867இல் இறந்ததாக ஒரு தேதி இருக்கிறது. மகளும் மருமகனும் அடுத்த ஆண்டே கப்பல் ஏறியதற்கு இது காரணமா என்று பேரேடு சொல்லாது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சந்தைக்குள் போய் ஆளுக்கு ஓர் அலூடா குடித்தோம். பாலில் சப்ஜா விதையும் கடற்பாசித் துண்டுகளும் மிதக்கும் இனிப்பு. அண்ணன் பாதியில் கோப்பையை வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். அந்தக் காலத்து எழுத்தர் எழுதியதை எப்படி நம்புவது, தமிழ்நாட்டிலிருந்து வந்த எல்லோரையும் 'மலபார்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியவர்கள்தானே என்றார். அதில் நியாயம் உண்டு. சாதிப் பத்தி அவசரத்தில் கேட்டு அவசரத்தில் நிரப்பியது. சொன்னவர்களே மாற்றிச் சொல்வதற்கும் காரணங்கள் இருந்தன. ஆனால் ஊரையும் தகப்பன் பெயரையும் தழும்பையும் நேற்று நம்பியவர், அடுத்த பத்தியை மட்டும் நம்ப மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, சொன்னேன். விலை எழுபது ரூபாய், இரண்டுக்கும் சேர்த்து நான்தான் கொடுத்தேன்.

ஜூலை 18, வெள்ளி, பாம்ப்லமூஸ்

இது அறுவடைக் காலம். கரும்பு ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் பேருந்து ஊர்ந்தது. சாலை முழுவதும் கரும்புச் சோகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இத்தீவில் 250க்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன, இன்று மூன்றே மூன்று. எங்கள் தோட்டத்தின் ஆலையும் போய்விட்டது: புகைபோக்கியின் அடிப்பகுதி, அதைப் பின்னிக்கொண்ட ஆலமரம், பக்கத்தில் புதிதாகக் கட்டிய வில்லாக்களின் மதில். இருந்தாலும் வயல் வயல்தான். நடுநடுவே ஆள் உயரத்துக்கு மேல் கருங்கற்களை அடுக்கிய குவியல்கள் நிற்கின்றன. உழுவதற்கு முன்பு எரிமலைக் கற்களைப் பொறுக்கி அகற்ற வேண்டும். தலைமுறைகளாகக் கையால் பொறுக்கி அடுக்கியவை அவை. எள்ளுத்தாத்தா அடுக்கிய கல் இதில் இருக்கலாம் என்று அண்ணன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பாட்டியின் கல்லும் இருக்கலாம் என்றேன். தோட்டத்துச் சிறு பிள்ளைகளையும் வேலைக்கு விட்ட காலம்தானே.

திரும்பும் பேருந்தை விட்டுவிட்டோம். நிறுத்தத்தில் தனியாக நின்ற எங்களைப் பார்த்து ஒரு தம்பதி காரை நிறுத்தி, ரோஸ் ஹில் வரையிலும் கொண்டுவந்து விட்டார்கள். பெட்ரோலுக்குக் காசு கொடுக்க முயன்றதற்குக் கணவர் கோபித்துக்கொண்டார். அதோடு விடாமல், இன்று ஆடி முதல் வெள்ளி, கோவிலில் கஞ்சி ஊற்றுவார்கள், வந்தே ஆக வேண்டும் என்று இழுத்துச் சென்றார்கள். அம்மன் கோவில். தேவாரத்தைக் கிரியோல் எழுத்துக்கூட்டலில் அச்சிட்ட தாளைப் பார்த்துப் பெண்கள் பாடினார்கள். ராகம் சுத்தமாக இருந்தது. கஞ்சிக்குப் பிறகு வாழையிலையில் சோறும் ஏழு வகைக் கறிகளும், 'ரசோன்' என்று அவர்கள் சொல்லும் ரசமும். புளி குறைவு, பூண்டு அதிகம். இருமிக்கொண்டிருந்த எனக்கு அது மருந்தாக இறங்கியது. பரிமாறிய அம்மா எங்கள் கதையைக் கேட்டார். சாதி வேறாக இருந்ததாமே என்று கணவர் மொழிபெயர்த்துச் சொன்னதும், அதனால் என்ன என்பது போலத் தோளை உயர்த்திவிட்டு, அண்ணனின் இலையில் இன்னொரு கரண்டி பூசணிக்காயை வைத்தார்.

ஜூலை 19, சனி, ரோஸ் ஹில்

இரவு விமானம். பெட்டி கட்டும்போது ஊரில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பத்து மூன்று வயது. குடும்பத்தில் மிகப் பழைய நினைவு அவருடையதுதான். மோரீசில் பிறந்து வளர்ந்தவள் போலத்தான் என்று பாட்டியைப் பற்றிச் சொன்னபோது ஆச்சரியப்பட்டார். சாதிப் பத்தியைச் சொன்னபோது ஆச்சரியப்படவே இல்லை. சற்று நேரம் கழித்து, "அதனாலதான் தெருவுல மனை இருந்தும் களத்துமேட்டுல போய் வீடு கட்டினாங்களா" என்றார். எங்கள் பூர்வீக வீடு ஊருக்கு வெளியே தனியாக நிற்பதற்கு, தாத்தாவுக்கு நிலத்தின் மேல் அவ்வளவு ஆசை, வயலைப் பார்த்தபடியே இருக்க வேண்டும் என்று கட்டினார் என்பது இதுவரை சொல்லப்பட்ட காரணம். அத்தை மேலும் ஒன்றைச் சொன்னார்: அந்தத் தலைமுறையில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு உள்ளூரில் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை, எல்லாம் நான்கு ஊர் தள்ளித்தான்.

கொடிவழியில் பாட்டியின் பெயர் வரும், வந்த ஆண்டு 1852 என்றும் வரும் என்று அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். சாதிப் பத்தியை அச்சிட வேண்டாம் என்கிறார். யாருடைய சாதியையும் அச்சிட வேண்டாம், தாத்தாவுடையதையும் சேர்த்து, என்றேன் நான். குலதெய்வக் கோவிலில் கொடுக்கும் புத்தகத்தில் அது எப்படி முடியும் என்று கேட்டார். முடிவாகவில்லை, விமானத்திலும் தொடரும். அத்தையோ, பாட்டியின் தாய்வழி ஊர் சேலம் ஜில்லாவில் எது என்று கண்டுபிடித்தால் தன்னையும் அழைத்துப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பேரேட்டில் அந்த ஊரின் பெயரையும் உரக்கப் படித்துத்தான் பார்க்க வேண்டும். இதுவரை படித்ததில் ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஊரும் நாமக்கல் பக்கம் ஓர் ஊரும் காதுக்குப் பொருந்துகின்றன.